ஐசியு-வில் அலாரம் ஏன் குறைய வேண்டும்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் நம்மவரைப் பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது சத்தம்தான். மானிட்டர், வென்டிலேட்டர், மருந்து ஏற்றும் பம்ப் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கூவும். நர்ஸ் உடனே ஓடிவராவிட்டால் நமக்குப் பதறுகிறது, கோபம் வருகிறது. ஆனால், அவர் வராததற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் அல்ல.

சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், செவிலியல் பேராசிரியர் பார்பரா ட்ரூ குழுவினர் இந்த அலாரங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஐந்து ஐசியுக்கள், 77 படுக்கைகள், 31 நாட்கள். மானிட்டர்கள் பதிவு செய்த எச்சரிக்கைகள் 25 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பல திரையில் மட்டும் தோன்றி மறைந்தவை. சத்தம் போட்டவற்றை மட்டும் எடுத்தாலே ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் 187. இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது என்று எச்சரித்த 12,671 அலாரங்களைச் சரிபார்த்தபோது, நூற்றுக்கு 89 பொய். இது 2014-ல் வெளியானது.

கருவி ஏன் பொய் சொல்கிறது? நோயாளி புரண்டு படுப்பார், விரலில் மாட்டிய கிளிப் நழுவும். ஆக்ஸிஜன் சரிந்துவிட்டதாகத் திரை காட்டும். நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி ஸ்டிக்கரின் ஜெல் காய்ந்தால் கோடு கலங்கும். பல் துலக்கும் கையசைவுகூட உயிருக்கு ஆபத்தான துடிப்பைப் போலவே பதிவாகலாம். ஓர் உண்மையான ஆபத்தையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் கருவியை அப்படி அமைக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் நாள் முழுக்கப் பொய்யைக் கேட்ட காது, உண்மையான அலாரத்துக்கும் மெதுவாகத்தான் திரும்பும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் ஜாயின்ட் கமிஷனிடம் 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் பதிவாயின. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தன.

தீர்வுகளில் சில வியப்பூட்டும் அளவுக்கு எளியவை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் இரண்டு வார்டுகளில் ஈசிஜி ஸ்டிக்கர்களைத் தினமும் மாற்றினார்கள். அலாரம் சராசரியாக 46 சதவீதம் குறைந்தது. பாஸ்டன் மெடிக்கல் சென்டரின் இதயநோய் வார்டில் துடிப்பு வரம்புகளைச் சற்று அகலமாக்கினார்கள். யாரும் கவனிக்காமலே அடித்து ஓயும் சில்லறை எச்சரிக்கைகளை நீக்கி, உண்மையான நெருக்கடிக்கு மட்டும், நர்ஸ் வந்து பார்க்கும்வரை ஓயாத அலாரம் வைத்தார்கள். சத்தம் 89 சதவீதம் குறைந்தது. என்னைக் கேட்டால், நம் மருத்துவமனைகள் புதுக் கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இதைத்தான்: இந்த நோயாளிக்கு எந்த அளவு ஆபத்து என்று பார்த்து வரம்பை வைப்பது. நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு ஆக்ஸிஜன் 90 சதவீதம் என்பது வழக்கமான அளவாகவே இருக்கலாம், இளைஞருக்கு அப்படியல்ல.

ஒலியும் மாறிவருகிறது. மருத்துவக் கருவிகளின் அலாரத்துக்கென 2006-ல் வந்த சர்வதேசத் தரநிலையின் மெட்டுகள் ஒன்றுபோலவே கேட்டதால் செவிலியர்கள் குழம்பினார்கள். பிரிட்டன் உளவியலாளர் ஜூடி எட்வொர்த்தி குழுவினர் சோதித்துப் பார்த்த புதிய ஒலிகள் 2020 திருத்தத்தில் இடம்பெற்றன: இதயத்துக்கு லப்-டப், மருந்துக்கு மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம்.

உறவினராக நாம் செய்யக்கூடியதும் உண்டு. கிளிப் நழுவியிருந்தாலோ ஸ்டிக்கர் பிரிந்திருந்தாலோ நர்ஸிடம் சொல்லுங்கள். சத்தத்தை நிறுத்தும் பட்டனை மட்டும் நீங்களாக அழுத்தாதீர்கள். அது ஓரிரு நிமிடம் மானிட்டரையே ஊமையாக்கிவிடலாம். அந்த நேரத்தில் வரும் உண்மையான அலாரம் யார் காதிலும் விழாது.