சுவரில் தொங்கும் துப்பாக்கி

மலையடிவாரப் பங்குகளில் சில பழைய வீடுகளுக்குள் நுழைந்தால், கூடத்துச் சுவரில் பாட்டனாரின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி தொங்கக் காணலாம். வாங்கியவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியிருக்கும். உரிமம் மட்டும் மகன் பெயருக்கு மாறி, அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. எதற்காக என்று வினவினால், “இருக்கட்டுமே சாமி, வீட்டுக்கு ஒரு தைரியம்” என்பர். இந்தத் தைரியத்தைப் பற்றியே நாம் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமையா, அரசு தரும் அனுமதியா என்ற வழக்கு பழையது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1791-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் அதனை உரிமையாகவே எழுதி வைத்தது. நம் நாட்டின் கதை வேறு. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்டு நிற்க வைத்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. அந்த அவமானம் நெஞ்சில் உறுத்தியதால்தான், 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் மக்களின் உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆயினும் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதனை அடிப்படை உரிமையாக்க வேண்டுமென்று திருத்தம் கொணர்ந்தபோது, சபை அதை ஏற்கவில்லை. பிரிவினைக் காலத்து இரத்தம் அப்போது இன்னும் காயவில்லை. சபையின் முடிவு சரியானதே என்பது நம் எண்ணம்.

இவ்வாறு கூறுவதால் உழவரின் துப்பாக்கியை நாம் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டா. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே உழவரை மறந்துவிடவில்லை. குழல்வாய் வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்கென்று ஒருவர் உண்மையாகவே கேட்டால், தடை செய்யத் தக்க காரணம் இல்லாதபோது உரிமம் தரவேண்டும் என்று அது தனியே குறிப்பிடுகிறது. ஓர் இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் உழுது போட்ட மரவள்ளித் தோட்டத்தைக் கண்டவர்கள் இதன் நியாயத்தை அறிவர். ஆனால் துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதாலேயே பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. அதற்கு வனவிலங்குச் சட்டம் தனியே உண்டு. கேரளத்தில் 2022-இல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளிக்கப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் அப்பணிக்கு அழைக்கப்படுகின்றனர். தற்காப்பும் அவ்வாறே. நியாயமான தற்காப்பைத் திருச்சபையின் ஒழுக்கவியல் ஒருநாளும் குற்றமென்று சொன்னதில்லை. பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்களுக்கு அது கடமையுமாகலாம்.

எனினும், திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி திருடனைச் சுடுவது அரிது. கோடிக்கணக்கான துப்பாக்கிகள் வீடுகளில் உள்ள அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே பெருங்கூட்டத்தில் ஒருவன் வெறிகொண்டு சுடும் செய்திகளே நம் செய்தித்தாள்களை எட்டுகின்றன. ஆனால் அந்நாட்டில் துப்பாக்கியால் மடிவோரில் பாதிக்கு மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். இதைப் படித்தபோது நாம் வியப்படையவில்லை. குடும்பங்களுக்குள் சென்று வருகிறவர்களுக்குத் தெரியும்: மனம் உடைந்த பொழுது நெடுநேரம் நீடிப்பதில்லை. தேர்வில் தோற்ற மகன், கடனில் மூழ்கிய தகப்பன், வரப்புத் தகராறில் கொதித்து வந்த அண்ணன், குடித்துவிட்டு நள்ளிரவில் கதவைத் தட்டும் கணவன் — ஓர் இரவு கடந்தால் இவர்களில் பலர் மீண்டும் தம் நிலைக்கு வந்துவிடுவர். அந்த ஓர் இரவைத் தராத கருவி கைக்கெட்டும் சுவரில் தொங்கலாமா?

ஆகவே உரிமம் வழங்குமுன் வீட்டாரைக் கேட்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். நம் நாட்டில் விண்ணப்பம் காவல்துறையின் விசாரணைக்குச் செல்கிறது. வழக்குகள் உண்டா என்று பார்க்கின்றனர். கனடா நாட்டிலோ, விண்ணப்பத்தில் மனைவி அல்லது கணவரின் கையொப்பமும் கேட்கப்படுகிறது. அவர் கையொப்பமிடாவிட்டால், இன்னார் துப்பாக்கிக்கு விண்ணப்பித்துள்ளார் என்பதை அதிகாரிகளே அவருக்கு அறிவிக்கின்றனர். இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்துபோன துணைவருக்கும் இது பொருந்தும். எவ்வளவு விவேகமான ஏற்பாடு! கணவனின் கோபத்தை மனைவி அறிந்த அளவுக்கு எந்த ஆய்வாளர் அறிவார்? சட்டம் கேட்காவிட்டாலும், நம் வீடுகளில் இல்லத்தரசியின் வாக்கு இவ்விஷயத்தில் முதல் வாக்காக இருக்கட்டும்.

வைத்திருப்பது என்று முடிவானால், அதனைச் சுவரினின்று இறக்கிவிட வேண்டும். தோட்டா நீக்கிய துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியிலும், தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள்ளும், சாவி உரிமம் பெற்றவர் ஒருவரிடமும் இருத்தல் நலம். சாவி இருக்குமிடம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நம்புகிற பெற்றோர் பலர். மிட்டாய் டப்பா இருக்குமிடமும் பிள்ளைகளுக்குத் தெரியாதென்றே அவர்கள் நம்பினார்கள்! கொண்டாட்டத்துக்காக வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம் வடமாநிலத் திருமணங்களில் மிகுதி. ஏறிய குண்டு இறங்கத்தான் வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பிறர் உயிருக்கு ஆபத்தாகும் இச்செயலுக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாய் வந்தவை என்று கூறினும் கணக்கு இரண்டுதான்.

இனி அந்தத் ‘தைரியம்’. பொதுத்தேர்தல் வரும்போது, விலக்குப் பெற்றோர் நீங்கலாக, உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆணை வருவதை நாம் அறிவோம். வாரக்கணக்கில் வீடு துப்பாக்கியின்றி இருக்கிறது. அந்நாள்களில் உறக்கமின்றித் தவித்தோம் என்று ஒரு குடும்பமேனும் நம்மிடம் சொன்னதில்லை. தேர்தல் முடிந்ததும் சிலர் அதைத் திரும்பப் பெறவே மாதக்கணக்கில் செல்வதில்லை. அவர்களுக்கு அது தேவையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

விருப்பத்தோடு கொடுத்தவர்களும் நம் நாட்டில் உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் வேட்டை தொன்றுதொட்டு வந்த வழக்கம். அங்கே 2021-இல், காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் காக்கும்பொருட்டு ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. மக்கள் தாமாகவே முன்வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏர்கன்களைக் கொடுத்துவிட்டனர்.

குடும்பத் தலைவர் இறந்தபின் நிலத்தின் பட்டாவை மாற்ற அலைகிற பிள்ளைகள், துப்பாக்கியை மறந்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. உரிமம் இறந்தவருடையது; அது வீட்டாருக்கு உரிமையாகாது. வேண்டுமென்றால், தகுதியுள்ள வாரிசு தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். அதுவரை அதனைக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். முப்பதாம் நாள் பூசைக்கு நாள் குறிக்க வருமுன்பே இதை முடித்துவிடுதல் நல்லது. தோட்டாக்களையும் எண்ணிக் கொடுத்து, துப்பாக்கியின் எண் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கி, இறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்க.