ஒற்றைக் கப்பலுக்கு உதிரிபாகம் கிடைப்பது ஏன் கடினம்?

அமெரிக்கக் கடற்படையில் 1961 நவம்பரில் சேர்ந்தது எண்டர்பிரைஸ். அணுசக்தியால் இயங்கிய உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் அதுதான். நீளம் ஏறத்தாழ 342 மீட்டர். இத்தனை பெருமை இருந்தும், உதிரிபாகம் தேடுவது அதற்குப் பெரும்பாடாக இருந்தது. ஏன்?

காரணம் வடிவமைப்பில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஃபாரஸ்டல் வகைக் கப்பல்களில் எண்ணெயை எரிக்கும் 8 கொதிகலன்கள் இருந்தன. எண்டர்பிரைஸில் 8 அணு உலைகளை வைத்தார்கள். நான்கு உந்திகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உலைகள். பின்னால் வந்த நிமிட்ஸ் வகைக்கு 2 பெரிய உலைகளே போதுமாயின. ஆகவே எண்டர்பிரைஸின் உலை அமைப்பு வேறெந்தக் கப்பலிலும் இல்லை.

இதே வகையில் 6 கப்பல்கள் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். செலவு எகிறியதால் மற்ற ஐந்தும் கைவிடப்பட்டன. ஒரு வால்வைச் செய்யக்கூட அச்சு, அளவுகோல், தேர்ந்த கைகள் வேண்டும். ஒரே ஒரு கப்பலுக்காக எந்தத் தொழிற்சாலை இவற்றைப் பல பத்தாண்டுகள் காத்து வைத்திருக்கும்?

பிறகு எப்படிச் சமாளித்தார்கள்? கடையில் கிடைக்காத பாகங்களைக் கடைசல் இயந்திரத்தில் தனியாகக் கடைந்தெடுத்தார்கள். அந்தக் கைத்திறன்தான் 2012 வரை, அரை நூற்றாண்டு காலம் கப்பலைக் கடலில் ஓட வைத்தது.

ஓய்வுக்குப் பின் அதன் நங்கூரம் ஒன்று ஆபிரகாம் லிங்கன் கப்பலுக்குப் போனது. நங்கூரம் பொதுவான பாகம் என்பதால் அங்கே பொருந்தியது. பொதுவான அளவில் செய்த பாகத்துக்கு ஆயுள் அதிகம். எந்த இயந்திரத்தை வடிவமைப்பவரும் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம் இது.