இரைப்பையை வெட்டினால் பசி ஏன் அடங்குகிறது?

பை சிறிதானால் சோறு குறைவாகத்தான் கொள்ளும். அவ்வளவுதானா?

காலையில் தெருவில் கூவும் காய்கறிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையின் மேற்பகுதியில் அதிகம் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன், மூளையிடம் அப்படித்தான் ‘பசி, பசி’ என்று கூவுகிறது. டயட் இருந்து இளைத்தால் குரல் இன்னும் உயரும். (மன உறுதி போதவில்லை என்று யாரையும் ஏசாதீர்கள்!)

எடையைக் குறைக்கச் செய்யும் ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்கு, அந்த மேற்பகுதியோடு சேர்ந்து, போய்விடுகிறது. கூவலும் தணிகிறது.

அப்படியானால் செய்துகொள்ளலாமா? அவசரப்படாதீர்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டும். நெஞ்செரிச்சல் கூடலாம்.

2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 35 இருந்தாலே எடை குறைப்பு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது; ஆசியர்களுக்கு 27.5-ஐத் தாண்டினாலே போதும். குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோய் வந்துவிடுகிறதே!