கண்டமங்கலம் சாலையில் மூன்று பழைய கல்லூரிகள்: எங்கே தங்கலாம்?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கண்டமங்கலம் என்றால் பாதி வழி தாண்டிவிட்டது என்று பொருள். கடற்கரைக்குப் போகிற அவசரத்தில் யாரும் ஜன்னலுக்கு வெளியே அதிகம் பார்ப்பதில்லை. ஆனால் இந்தச் சாலையில், கண்டமங்கலத்தை ஒட்டிய திருபுவனையில், 1048ஆம் ஆண்டில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரி நடந்துகொண்டிருந்தது. தெற்கே பாகூரில் அதற்கும் முந்திய ஒரு கல்விச்சாலை இருந்தது. வடமேற்கே செஞ்சிப் பக்கம் எண்ணாயிரத்தில் 340 மாணவர்களுக்குச் சோறும் பாடமும் கிடைத்தன. மூன்றையும் இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். அதற்கு எந்த ஊரில், ஊரின் எந்தப் பக்கத்தில் அறை எடுக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பழைய பல்கலைக்கழக நகரங்களில் இந்தக் கேள்விக்குச் சுலபமான விடை உண்டு. விடுமுறை மாதங்களில் சில கல்லூரிகள் மாணவர் அறைகளையே பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. காலைச் சாப்பாடும் கல்லூரிக் கூடத்திலேயே கிடைக்கும். நம் பக்கத்து நிலைமை நாளந்தாவைப் போன்றது. நாளந்தா பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ராஜ்கிரிலோ புத்தகயாவிலோதான் தங்குகிறார்கள். கல்லூரி இருந்த ஊர் வேறு, படுக்க இடம் கிடைக்கும் ஊர் வேறு. நாளந்தாவிலாவது செங்கல் அடித்தளங்கள் மிஞ்சியிருக்கின்றன. இங்கே மாணவர்கள் தங்கிய கட்டடம் என்று காட்ட எதுவும் இல்லை. இருப்பவை கோயில்களும், அவற்றின் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளும்தான். அந்தக் கோயில்கள் காலையில் திறந்து உச்சிப் பொழுதில் சாத்தப்படும். மறுபடி மாலை நாலு மணிவாக்கில்தான் திறக்கும். எங்கே தங்குவது என்பதை முடிவு செய்வது இந்த நேரக்கணக்குதான். கடற்காற்றையும் அறையின் அழகையும் அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

மூன்றில் தூரத்தில் இருப்பது எண்ணாயிரம். விழுப்புரத்திலிருந்து நேமூர் வழியாக இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். புதுச்சேரியில் தங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் விழுப்புரம் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதன்பின் கிராமச் சாலை. அழகிய நரசிம்மர் கோயிலுக்குள் நுழையும்போது பட்டாச்சாரியார் பூசையை முடித்துக் கதவைச் சாத்தும் நேரமாகியிருக்கலாம். சின்ன ஊர்க் கோயில்களில் அவர் கிளம்பிவிட்டால் சாவியும் அவரோடு போய்விடும். ஆகவே முதல் ராத்திரி விழுப்புரத்தில் தங்குங்கள் என்பதுதான் என் யோசனை.

விழுப்புரத்தில் சுற்றுலாக் கவர்ச்சி எதுவும் இல்லைதான். ஆனால் அது பெரிய ஜங்ஷன். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் ரயில்களில் பெரும்பாலானவை நிற்கும். வைகையும் பல்லவனும் நிற்கும். ஸ்டேஷன் பக்கமும் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கமும் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. சாலையைப் பார்த்த அறை வேண்டாம், பின்பக்க அறை கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். ராத்திரி முழுக்க பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போகும். எண்ணாயிரத்துக்கு பஸ்ஸை நம்பி இறங்க வேண்டாம். முந்தின நாள் மாலையே ஒரு காரையோ ஆட்டோவையோ பேசி வைத்துவிட்டால், ஏழரை மணிக்குக் கோயிலில் இருக்கலாம்.

போனபின் அவசரப்பட வேண்டாம். இந்தப் பயணத்தின் உச்சம் எண்ணாயிரம்தான் என்பது என் எண்ணம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அந்தக் கல்லூரியின் வரவு செலவையே கல்லில் எழுதி வைத்திருக்கிறது. தொடக்கநிலை மாணவர்கள் 270 பேர். ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75, சாம வேதத்தின் இரண்டு பிரிவுகளுக்கு இருபது இருபதாக 40, வாஜசனேயத்துக்கு 20, அதர்வத்துக்கு 10, பௌதாயன சூத்திரங்களுக்கு 10, ரூபாவதாரம் என்ற இலக்கண நூலைப் படிக்க 40. மேல்நிலையில் 70 பேர்: வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. வேதாந்தத்துக்குப் பத்தே பேர் இருந்தபோது சடங்குகளின் பொருளை ஆராயும் மீமாம்சைக்கு 35 பேர் இருந்தார்கள். அந்தக் காலத்தில் எந்தப் படிப்புக்கு அதிக மதிப்பு இருந்தது என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன.

சிறிய மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. கூட்டிப் பார்த்தால் மாணவர்களுக்கு மட்டும் தினம் 2320 நாழி வருகிறது. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற கணக்கில் அது இருபத்து நான்கு கலத்துக்கும் சற்று அதிகம். ஆசிரியர்களுக்கான நெல்லும் பொன்னும் இதில் சேரவில்லை. இத்தனைக்கும் வருமானம் வர 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. ஒரு விடுதியின் செலவை இவ்வளவு நுணுக்கமாக ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தச் சுவரின் முன் நிற்கும்போது கோயிலைப் பார்க்கிற உணர்வோடு ஒரு கல்லூரியின் கணக்குப் புத்தகத்தைப் படிக்கிற உணர்வும் வருகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கல்விச்சாலைகள் சதுர்வேதிமங்கலங்களில், பிராமண மாணவர்களுக்காக நடந்தவை. அந்த 45 வேலியிலும் உழுது நெல் விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்ததில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பிற்பகல் அதே விழுப்புரத்தில் அரசுக் கலைக் கல்லூரி வாசலைக் கடக்கும்போது அவர்களுக்கே வித்தியாசம் புரியும்.

எண்ணாயிரத்துக்கு அருகிலேயே எசாலமும் பிரம்மதேசமும் இருக்கின்றன. எசாலத்தில் 1987இல் ராஜேந்திரன் காலத்துச் செப்பேடுகள் கிடைத்தன. காலை நேரம் மிச்சம் இருந்தால் இரண்டையும் பார்க்கலாம். இல்லாவிட்டால் எசாலத்தை மட்டும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு விழுப்புரம் திரும்பி, அறையைக் காலி செய்து, புதுச்சேரிப் பக்கம் கிளம்புங்கள்.

விழுப்புரம்-புதுச்சேரிச் சாலையை ஒட்டி ரயிலும் ஓடுகிறது. கண்டமங்கலத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன் சின்னபாபுசமுத்திரம். ஆனால் ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். பஸ்ஸோ அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். நாலு மணிக்குத் திருபுவனையில் இறங்கும்படி கிளம்பினால் சரியாக இருக்கும். எல்லை இங்கே நேர்கோடாக இல்லை. கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை புதுச்சேரி, அரியூரும் புதுச்சேரி. கொஞ்ச தூரத்துக்குள் கடைகளின் பெயர்ப்பலகையும் வண்டிகளின் நம்பர் பிளேட்டும் மாறி மாறி வரும். வாடகைக் கார் பேசுகிறவர்கள் எல்லை தாண்டும் பெர்மிட் செலவு பேசின தொகைக்குள் அடங்கியதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது சோதனைச் சாவடியில் மதுப் பாட்டில்களுக்காகப் பைகளைப் பார்ப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

திருபுவனைப் பெருமாள் கோயில் முதலாம் பராந்தகன் காலத்தது. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஊருக்கு அன்று திரிபுவனமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். முதலாம் ராஜாதிராஜனின் 30ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுதான் இங்கிருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. வேதங்களோடு வியாகரணமும் மனு சாஸ்திரமும் ராமாயணமும் பாரதமும் கற்பித்தார்கள். இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஊர் வாரியங்களில் வேலை செய்யும் கடமையிலிருந்து விலக்கி வைத்தது. ஊர்ப் பொறுப்பு என்று இழுத்தால் படிப்பு கெடும் என்று அந்தச் சபை நினைத்திருக்கிறது. பக்கத்திலேயே திருவாண்டார்கோயிலும் மதகடிப்பட்டில் ராஜராஜன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலும் உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

அதோடு அன்றைய வேலை முடிந்தது. கண்டமங்கலத்தில் காபி, டிபனுக்குக் குறைவில்லை. ராத்தங்கலுக்கு மட்டும் புதுச்சேரிக்குப் போய்விடுவது நல்லது. பஸ்ஸில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

புதுச்சேரியில் எங்கே தங்குவது என்பதில்தான் பலர் வீணாகக் காசைச் செலவழிக்கிறார்கள். இணையத்தில் தேடினால் முதலில் வருவது கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சு வீதிகளின் பழைய மாளிகைகளும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு, ஆரோவில் பக்கத்து ரிசார்ட்டுகளும். 1985இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருப்பதால், கல்லூரி ஊர்ப் பயணத்துக்கு அந்தப் பக்கம் பொருத்தம் என்று தோன்றலாம். ஆனால் அது நகரத்துக்கு வடக்கே பத்து கிலோமீட்டர். நாம் போக வேண்டிய பாகூர் தெற்கே இருபது கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் நகரத்து நெரிசலை முழுக்கக் கடந்தாக வேண்டும். இந்தப் பயணத்துக்கு அந்தப் பக்கமே வேண்டாம்.

பிரெஞ்சு வீதிகள் அழகுதான், மறுக்கவில்லை. வெள்ளி, சனி ராத்திரிகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வந்து இறங்கும்போது வாடகை ஏறிவிடும். பிரெஞ்சு வீதிகளைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ் வீதிகளில், அதே ஊரின் இன்னொரு முகம் குறைந்த செலவில் கிடைக்கிறது. வைசியாள் வீதி போன்ற இடங்களில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உள்ள வீடுகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். சில இப்போது தங்கும் விடுதிகள். வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாறட்டும் என்றே வீட்டுக்கு வெளியே திண்ணை கட்டிய மனிதர்களின் வீட்டில் ஒரு ராத்திரி தங்குவது, கடல் தெரியும் மாடி அறையைவிட எனக்கு உயர்வாகப் படுகிறது. பெரியவர்களோடு போகிறவர்கள் முற்றத்து வீடுகளில் படிகளும் வாசற்படி உயரமும் எப்படி என்று கேட்டுக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். மறைமலை அடிகள் சாலையிலுள்ள பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம் என்பதும் இந்த வீதிகளுக்குச் சாதகம்.

அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் சுத்தமானவை, அமைதியானவை, வாடகையும் நியாயமானது. புகைக்கும் மதுவுக்கும் இடமில்லை. ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்குமேல் வாசலைச் சாத்திவிடுவார்கள். திருபுவனையிலிருந்து தாமதமாக வருகிறவர்கள் அந்த நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தங்கினாலும் ஆளுக்கொரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மறுநாள் காலை பாகூர். கடலூர் போகும் பாதையில் போய்த் திரும்ப வேண்டும். பல்லவன் நிருபதுங்கனின் 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, வேசாலிப்பேரரையன் விண்ணப்பம் செய்ய, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் பாகூர் வித்யாஸ்தானத்துக்குக் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. எண்ணாயிரத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தையது. அங்கே மாணவர் எத்தனை பேர் என்ற கணக்கில்லை. ஆனால் ஒரு கல்விச்சாலை நடக்க மூன்று ஊர் வரி தேவைப்பட்டிருக்கிறது என்றால் அது சின்ன இடமாக இருந்திருக்க முடியாது. மூலநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்கும் போங்கள். மழைக்காலம் முடிந்த டிசம்பர், ஜனவரியில் ஏரி நிறைந்திருக்கும், பறவைகளும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கோயில் கல்தரையில் கால் வைக்கவே முடியாது.

கடைசியாக, எந்த நாள் என்பதையும் பார்த்து அறை எடுங்கள். வார இறுதியை விட்டுவிட்டு, புதுச்சேரி ராத்திரி செவ்வாய், புதனில் வருமாறு வைத்துக்கொண்டால் வாடகை குறையும். இன்னொரு லாபமும் உண்டு. செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் வார நாட்களில்தான் இயங்கும். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால், பாகூர் குப்புசாமி தொகுத்து விஜயவேணுகோபால் பதிப்பித்து 2006இல் வெளிவந்த புதுச்சேரிக் கல்வெட்டுத் தொகுதியை அங்கே புரட்டிப் பார்க்கலாம். முந்தின நாள் மாலை திருபுவனைச் சுவரில் எழுத்துத் தெரியாமல் நின்ற இடத்தின் வாசகத்தை அச்சில் படிக்க ஒரு பிற்பகல் போதும்.