தடைப்பட்டியலில் உள்ள மருந்தும் நோயுற்ற வீரரின் உரிமையும்

விளையாட்டில் சில மருந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்டிருப்பதன் நோக்கம், உழைப்பாலும் திறமையாலும் பெற வேண்டிய வெற்றியை ஊசியாலும் மாத்திரையாலும் ஒருவர் பெற்றுவிடாமல் காப்பது. ஆனால் நீரிழிவும் ஆஸ்துமாவும் மூட்டுவாதமும் விளையாட்டு வீரர்களை மட்டும் விட்டுவைப்பதில்லை. இன்சுலின், பல ஸ்டீராய்டுகள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், சிலவகை ஆஸ்துமா மருந்துகள் எனப் பல நோயாளிகள் நாள்தோறும் சார்ந்திருக்கும் மருந்துகள் தடைப்பட்டியலிலும் இடம்பெற்றிருப்பதால், நோயுற்ற வீரர் தம் உடல்நலத்தையும் விளையாட்டையும் ஒருசேரக் காத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்படுகிறது. தடைசெய்யப்பட்ட மருந்து ஒன்றைக் குறிப்பிட்ட வீரர், குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள மருத்துவர் குழு ஆராய்ந்து வழங்கும் 'சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு' என்னும் அனுமதியே அந்த வழி.

இத்தகைய ஏற்பாடு இல்லாத காலத்தில் நேர்ந்த இழப்புக்கு 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் சான்றாக நிற்கிறது. 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் தங்கம் வென்ற 16 வயது அமெரிக்கர் ரிக் டிமான்ட், தம் ஆஸ்துமாவுக்கு எடுத்துக்கொண்ட மருந்தில் எஃபிட்ரின் இருந்ததால் பதக்கத்தை இழந்தார். அம்மருந்தை அவர் தம் மருத்துவப் படிவத்தில் முன்கூட்டியே குறிப்பிட்டிருந்தும், அவருடைய அணியின் பொறுப்பாளர்கள் அதை ஒலிம்பிக் குழுவிடம் உரிய முறையில் தெரிவிக்கவில்லை. 1999இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை (வாடா) தோன்றி, 2004இல் உலகப் பொதுவிதித் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது, சிகிச்சை விலக்குக்கும் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான அளவுகோல் வகுக்கப்பட்டது.

அந்த அளவுகோலில் நான்கு நிபந்தனைகள் உள்ளன. நோய் இருப்பதற்கு மருத்துவச் சான்றும் அதற்கு அந்த மருந்து தேவை என்பதற்கான ஆதாரமும் இருக்க வேண்டும். மருந்து வீரரை அவருடைய இயல்பான உடல்நிலைக்குத் திருப்பலாமே தவிர அதற்கு மேல் கூடுதல் ஆற்றலைத் தரக்கூடாது. அந்நோய்க்கு ஏற்ற, அனுமதிக்கப்பட்ட மாற்று மருந்து இருக்கக்கூடாது. முன்பு அனுமதியின்றித் தடைமருந்து எடுத்துக்கொண்டதன் விளைவாக இத்தேவை எழுந்திருக்கக்கூடாது. இரண்டாம் நிபந்தனையே இவற்றின் உயிர்நாடி. 1997இல் நீரிழிவு கண்டறியப்பட்ட பிரிட்டிஷ் துடுப்புப்படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ், இன்சுலின் எடுத்துக்கொண்டே 2000ஆம் ஆண்டு சிட்னியில் தம் ஐந்தாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். உடல் சுரக்கத் தவறியதை ஈடுகட்டுவதற்கும், போதுமான அளவு சுரக்கும் உடலில் மேலும் செலுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய வாழ்க்கை விளக்குகிறது.

எல்லா மருந்துக்கும் விலக்கு தேவைப்படுவதில்லை என்பதையும் அறிந்துகொள்வது நன்று. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரை 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமுக்கும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கும் மிகாமல் எடுத்துக்கொள்ள எந்த அனுமதியும் வேண்டியதில்லை. அதே மருந்தை மாத்திரையாகவோ சிரப்பாகவோ உட்கொண்டால் விதிமீறலாகிவிடும். குளுக்கோகார்டிகாய்டு வகை ஸ்டீராய்டுகளைத் தோலில் பூசவும் மூச்சில் இழுக்கவும் தடை இல்லை. வாய்வழியாகவும் ஊசிவழியாகவும் உடலில் சேரும் அவ்வகை ஸ்டீராய்டுகளுக்குப் போட்டிக் காலத்தில் தடை உண்டு. போட்டிக் காலம் என்பது பொதுவாகப் போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59 மணிக்கே தொடங்கிவிடுவதாலும், சில மருந்துகளின் எச்சம் உடலில் பல நாள் தங்குவதாலும், முந்தைய வாரத்தில் போட்ட ஊசியும் பரிசோதனையில் சிக்கக்கூடும்.

இந்தியாவில் இவ்விதிகளின் கடுமையைப் பரவலாக உணர்த்தியவை இரு கிரிக்கெட் வீரர்களின் வழக்குகள். 2017 மார்ச்சில் எடுக்கப்பட்ட யூசுஃப் பதானின் சிறுநீர் மாதிரியிலும், 2019 பிப்ரவரியில் இந்தூரில் சையத் முஷ்டாக் அலி கோப்பைப் போட்டியின்போது எடுக்கப்பட்ட பிரித்வி ஷாவின் மாதிரியிலும் டெர்பியூட்டலின் கண்டறியப்பட்டது. மூச்சுக்குழாயை விரிக்கும் இம்மருந்து இருமல் சிரப்புகளில் சாதாரணமாகக் கலந்திருப்பது. ஆனால் விளையாட்டில் எப்போதும் தடைசெய்யப்பட்டது. இருவரும் வேண்டுமென்று எடுக்கவில்லை என்ற விளக்கத்தை இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஏற்றபோதும், பதானுக்கு ஐந்து மாதமும் ஷாவுக்கு எட்டு மாதமும் தடை விதித்தது. முன்னதாகவே விண்ணப்பித்திருந்தாலும் வெறும் இருமலுக்காக டெர்பியூட்டலினுக்கு விலக்கு கிடைப்பது அரிது, ஏனெனில் அனுமதிக்கப்பட்ட மாற்று மருந்துகள் உள்ளன. மருந்துச் சீட்டு எழுதப்படும் வேளையிலேயே 'இது தடைப்பட்டியலில் உள்ளதா' என்னும் கேள்வி கேட்கப்படாமல் போவதுதான் இத்தகைய இழப்புகளின் வேர். 2019 ஆகஸ்டில் கிரிக்கெட் வாரியமும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் (நாடா) ஆளுகைக்குள் வந்ததால், இன்று ரஞ்சிக் கோப்பையில் ஆடும் புதுச்சேரி அணியினருக்கும் இதே விதிதான்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டி இருக்கும் கனகசெட்டிக்குளம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து மாநிலப் போட்டிக்கும் தேசியப் போட்டிக்கும் செல்லும் இளையோரை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் புரியும். காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால் ஓர் ஊசி, சோர்வு என்றால் 'டிரிப்ஸ்', சளி என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிரப் என்பது நம் ஊர்களின் அன்றாட வழக்கம். அந்த ஊசி டெக்சாமெத்தசோனாக இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறி பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக அல்லாமல், 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலிட்டருக்கு மேல் குளுக்கோஸ் நீரை நரம்பில் ஏற்றுவதே விதிமீறல். சினைப்பை நீர்க்கட்டிக்கும் கருத்தரிப்புக்கும் பெண்களுக்கு எழுதித் தரப்படும் லெட்ரோசோல், குளோமிஃபீன் மாத்திரைகளும் தடைப்பட்டியலில் உள்ளன. மூலிகை மருந்து என்பதாலேயே அச்சமின்றி உட்கொள்ளவும் இயலாது. தோள்காயத்துக்கு மூலிகை மருந்து எடுத்துக்கொண்ட இலங்கை வீரர் உபுல் தரங்கா, 2011 உலகக்கோப்பைப் பரிசோதனையில் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு கண்டறியப்பட்டு மூன்று மாதத் தடைக்கு ஆளானார்.

விலக்குப் பெறும் முறை கடினமானதன்று. தேசிய அளவிலான வீரர் நாடாவிடமும், சர்வதேச அளவிலான வீரர் தம் விளையாட்டின் உலகக் கூட்டமைப்பிடமும் விண்ணப்பிக்க வேண்டும். நோயின் வரலாறு, பரிசோதனை முடிவுகள், மருந்தின் பெயர், அளவு, உட்கொள்ளும் முறை, மாற்று மருந்து ஏன் பயன்படாது என்னும் விளக்கம் ஆகியவற்றை மருத்துவர் எழுதிக் கையொப்பமிட, மருத்துவர்கள் அடங்கிய குழு அதை ஆராய்கிறது. போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. முழுமையான விண்ணப்பத்துக்கு 21 நாளுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும் என்பது உலக நெறி. மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. உயிர்காக்கும் அவசரச் சிகிச்சையில் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அனுமதியைப் பின்னர் கோரலாம். தேசிய அளவை எட்டாத வீரர்கள் பரிசோதிக்கப்பட்டாலும், அதன் பின்னர் விலக்குக் கோர விதி இடம் தருகிறது. எந்நிலையிலும் போட்டிக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

விலக்கு என்னும் இவ்வாயிலைக் குறுக்குவழியாக்கியோரும் உண்டு. 1999 டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் போட்டியில் ஸ்டீராய்டு கண்டறியப்பட்டபோது அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் தரப்பு முன்தேதியிட்ட மருந்துச் சீட்டைக் காட்டித் தப்பியது பின்னர் அம்பலமானது. எனினும் சிலரின் வஞ்சகத்தைக் கொண்டு எல்லா நோயாளிகளையும் ஐயுறுவது நீதியாகாது. 2016இல் இணைய ஊடுருவலால் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் மருத்துவக் குறிப்புகள் வெளியானபோது, கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டுக்கு அவர் முறையான விலக்குடனே மருந்து உட்கொண்டது உறுதியானது. 2010 முதல் 2018 வரையிலான ஒலிம்பிக் போட்டிகளை ஆராய்ந்த ஆய்வொன்று, தனிநபர்ப் போட்டிகளில் விலக்குடன் பங்கேற்றோர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும், விலக்குக்கும் பதக்க வெற்றிக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்றும் கண்டது.

ஆகவே சிகிச்சை விலக்கு என்பது சலுகையன்று, நோயுற்ற வீரரின் உரிமை. அது கேட்டால்தான் கிடைக்கும் உரிமை என்பதால், கேட்கக் கற்றுக்கொடுப்பது சுற்றியிருப்போரின் கடமை. பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் தம் மாணவர்களுடைய நோய்களையும் மருந்துகளையும் கேட்டறிய வேண்டும். பெற்றோர் மருத்துவரிடம் பிள்ளை போட்டியில் ஆடுபவர் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். மருத்துவர்கள் எழுதும் முன் தடைப்பட்டியலைப் பார்க்க வேண்டும். விளையாட்டுச் சங்கங்கள் அப்பட்டியலையும் விண்ணப்பப் படிவத்தையும் தமிழில் விளக்கி ஒவ்வொரு மைதானத்திலும் ஒட்ட வேண்டும். மருந்துக்கடையில் சிரப் வாங்கும் ஒவ்வொரு வீரரும், உறையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானங்களைப் படித்து, ஐயம் எழுந்தால் குடிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.