மூவகை நீரும் ஒரு கிணறும்

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ பல வீடுகளில் மூவகை நீர் புழங்குகிறது. குழாயில் வருவது ஒன்று. கிணற்றில் கிடைப்பது மற்றொன்று. 20 லிட்டர் கேனில் விலைக்கு வாங்குவது பிறிதொன்று. மூன்றும் பார்வைக்குத் தெளிந்தவையே, தன்மையில் வேறுபட்டவை.

குழாய்நீர் செங்குன்றம், செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளிலிருந்தும், தொலைவிலுள்ள வீராணம் ஏரியிலிருந்தும் வருகிறது. அதனை வடிகட்டி, கிருமிகளை அழிக்கக் குளோரின் சேர்த்து வழங்குகின்றனர். நெம்மேலியில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலையம், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரை உருவாக்கும் திறனுடையது. தென்சென்னைக்கு அந்நீரும் பயன்படுகிறது.

கிணற்றுநீரில் நிலத்தின் கனிம உப்புகள் கரைந்திருக்கும். குடிநீரில் கரைந்துள்ள பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று என்பது இந்தியத் தரநிலை. வேறு நீர் கிடைக்காவிடத்து 2000 வரை ஏற்கலாம். கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், உவர்ப்பு நீங்காது. உவர்ப்பை நீக்க எதிர்ச் சவ்வூடு பரவல் முறை உதவும். ஆனால் அம்முறையில் உடலுக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம் ஆகியனவும் குறையும். ஒரு பகுதி நீர் கழிவாகவும் வெளியேறும்.

கேன் நீர் பெரும்பாலும் இம்முறையில் தூய்மை செய்யப்பட்ட நிலத்தடி நீரே. நகர் அருந்தும் அந்நீர், பல வேளைகளில் புறநகர்ச் சிற்றூர்களின் நிலத்திலிருந்து உறிஞ்சப்பட்டதாகும். ஆகவே கேனை நம்பிக் கிணற்றை மறப்பது, தன் வீட்டுப் பற்றாக்குறையை அடுத்த ஊருக்கு மாற்றுவதேயாகும்.

கடலோர மணற்பகுதிகளில் மழைநீர் நிலத்தினுள் இறங்கி, அடர்த்தி மிகுந்த உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலேறும். ஒருமுறை உவர்த்த கிணறு எளிதில் மீளாது. தியாகராய நகரோ 1920களில் பழைய ஏரி ஒன்றைத் தூர்த்து உருவாக்கப்பட்ட பகுதி. நீர் தங்கிய இடத்தில் இன்று கட்டடங்கள் நிற்பதால், மழைநீரை நிலத்தினுள் செலுத்தும் கடமை மனைதோறும் உரியதாகிறது.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டிடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது குழாய்நீர் அருகியது. மக்கள் குடங்களுடன் லாரிகளுக்குக் காத்திருந்தனர். ஏரி வறண்டாலும் கைகொடுக்கக்கூடியது, மழையால் நிறைந்த நிலமே. எந்நீர் சிறந்தது என ஆராயும் நாம், அந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆராய வேண்டும். கூரையில் விழும் மழையைக் கிணற்றில் சேர்ப்பவரே நாளைய குடிநீருக்கும் வழிசெய்பவர் ஆவர்.