புலி வீட்டில் கொத்தனார்

காரியாபட்டியில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால், மதுரை வழியாக விடிகிற நேரத்துக்குக் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னை வருவதற்கு முன்பே, பக்கத்திலிருக்கிற வண்டலூர் வந்துவிடுகிறது. மறைமலைநகரிலோ ஒரகடத்திலோ கம்பெனி வேலை பார்க்கிற மகன் வீட்டுக்கு வருகிறவர்கள், பேரன் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற முதல் இடம் பெரும்பாலும் வண்டலூரின் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காதான். பரப்பு 602 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால்தான் ஊர்க்காரர்களுக்குப் பிடிபடும்: ஏறக்குறைய 1,490 ஏக்கர்.

உள்ளே போனதும் மயில் கூண்டு கண்ணில் பட்டுவிட்டால் போச்சு. “ஏப்பா, நம்ம புஞ்சையில தெனமும் வந்து கொத்திட்டுப் போறதப் பாக்கவா இம்புட்டுத் தொலவு பஸ் ஏறி வந்தோம்?” என்று கேட்காத அப்பத்தா குறைவு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விதை போட்டவர்களுக்கு மயில் என்பது முருகனுக்காகப் பொறுத்துக்கொள்கிற ஒரு தொல்லை. அவர்கள் பார்க்க வந்தது புலியை, சிங்கத்தை, நீர்யானையை.

அந்தப் புலி வீட்டுக்கு முன்னால் பச்சை வலை கட்டி, ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்று பலகை தொங்கினால்?

பெரிய பூங்கா எதுவானாலும், எந்த மாதம் போனாலும், ஏதோ ஒரு மூலையில் இந்தப் பலகை இருக்கும். தாம்பரத்துக்காரருக்கு அது பெரிய விஷயமே இல்லை. அடுத்த மாதம் வந்து பார்த்துக்கொள்வார். பத்து வருஷத்துக்கு ஒருமுறை 450 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருகிறவருக்கு அந்தப் பலகைதான் அன்றைய நாளின் தலையெழுத்து. அதனால் எந்தப் பூங்காவிலும் எது எது மூடியிருக்கிறது என்பதைச் சீட்டு வாங்குகிற ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், தமிழில் எழுதி வைப்பதுதான் மரியாதை. பணம் கட்டி, ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடந்த பிறகு வலையைக் காட்டுவது என்ன நியாயம்?

ஆனால் வண்டலூரின் வரலாற்றையே எடுத்துப் பார்த்தால், சென்னையின் மிருகக்காட்சி சாலை ஒருநாளும் ஓரிடத்தில் ‘முடிந்து’ நின்றதில்லை. 1855-ல் அதைத் தொடங்கிய எட்வர்டு பால்ஃபர், எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். உயிருள்ள விலங்குகளை அங்கே வைத்ததும் பார்க்க வருகிற கூட்டம் பெருகியதைக் கவனித்தார். கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கினார். பிற்காலத்து மதராஸ்காரர்கள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். இரண்டும் ஒருகாலத்தில் ஒரே வளாகத்தில் இருந்தவை என்பது அந்தப் பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்குமா, என்னவோ. 1861-ல் உயிர் காலேஜ் மாநகராட்சியின் கைக்கு வந்து, சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபெயர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேல் இரும்புக் கம்பிக் கூண்டுகள்தான் அங்கே. 1979-ல் வண்டலூர் காட்டில் வேலை ஆரம்பமானது. 1985 மே மாதம் பழைய பூங்காவுக்குப் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் தீயில் கருகியது; அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். வண்டலூரைத் திறந்துவைத்தார்.

வண்டலூரில் புதிதாக வந்தது கம்பிக்குப் பதிலாக அகழி. இந்த யோசனை ஜெர்மனியில் பிறந்தது. ஹாம்பர்க்கில் விலங்கு வியாபாரியாக இருந்த கார்ல் ஹாகன்பெக், 1907-ல் கம்பியில்லாத திறந்தவெளிப் பூங்காவை அமைத்தார். உலகப் பூங்காக்கள் பலவும் அவர் வழிக்கு வந்தன. (அதே மனிதர் 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளோடு சிங்களரையும் தமிழரையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு நிறுத்தியவர். மிருகத்துக்குக் கம்பியை எடுத்தவர் மனிதருக்கு வேலி போட்டார்.)

அகழி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சாதாரண நாளில் பார்க்க முடியாது. செடியும் தண்ணீரும் அதை மறைத்துவிடும். பழுதுபார்ப்பதற்காகத் தண்ணீரை இறைத்துவிட்ட நாளில் எட்டிப் பார்த்தால் சூட்சுமம் தெரியும். பார்வையாளர் நிற்கிற பக்கம் சுவர் செங்குத்தாக இறங்கும். விலங்கு இருக்கிற பக்கம் சரிவாக ஏறும். தவறி விழுந்த விலங்கு தானாகவே நடந்து தன் பக்கம் திரும்பிவிட வேண்டும் என்பதற்காக அந்தச் சரிவு. சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குப் பாசி கோடு போட்டிருக்கும். புலி நன்றாக நீந்தக்கூடியது. ஆகவே அதைத் தடுப்பது தண்ணீர் மட்டுமில்லை, தண்ணீருக்கு மேலே எழும்புகிற சுவரும்தான். ஆழமான தண்ணீரில் கால் ஊன்ற இடமில்லாததால் உந்தி எழவும் முடியாது. கல்குவாரியும் கிரஷரும் சூழ்ந்த காரியாபட்டியிலிருந்து வருகிற கொத்தனாருக்கு இந்தக் காட்சி புலிக்குக் குறைந்ததில்லை. எம்-சாண்டா ஆற்று மணலா, பூச்சில் வெடிப்பு எங்கே என்று அவர் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பின்புறம் இன்னொரு வீடு இருக்கிறது. இரவுக் கூண்டு. மாலையில் தீனியைக் காட்டி உள்ளே அழைத்து, காலையில் திறந்துவிடுவார்கள். தடுப்புக் கதவுகளை வெளியே நின்றபடியே இழுத்து மூட வழி இருக்கும். பணியாளரும் புலியும் ஒரே அறையில் இருக்க நேரக்கூடாது. ‘புலியைக் காணோமே’ என்று மக்கள் அலுத்துக்கொள்கிற பல நாட்களில் அது இந்தப் பின்வீட்டில்தான் இருக்கும், முன்னால் கொத்து வேலை முடிகிறவரைக்கும்.

கட்டடம் எழுப்புவது இதில் சுலபமான பாதி. அதில் விலங்கைக் குடியமர்த்துவதுதான் பெரும்பாடு. இது காரியாபட்டிப் பக்கத்து வறண்ட பூமிக்குத் தெரியாத விஷயமில்லை. ஆட்டுக்கிடை மாற்றுகிற கீதாரியைக் கேட்டால் சொல்வார்: புது நிலத்தில் முதல் இரவு ஆடு அடங்காது, சுற்றிச் சுற்றி வரும், சின்னச் சத்தத்துக்கும் கிடையே எழுந்து நிற்கும். மான் இன்னும் மோசம். மிரண்டு ஓடி வேலியில் மோதியே செத்துப்போகும்; துரத்திப் பிடித்த மான் காயமே இல்லாமல் அதிர்ச்சியில் விழுவதும் உண்டு. அதனால்தான் வேலை நடக்கிற பக்கம் தட்டியோ வலையோ கட்டுகிறார்கள். அந்தப் பச்சை வலை நம் கண்ணிலிருந்து வேலையை மறைப்பதைவிட மானின் கண்ணிலிருந்து நம்மையும் ஜேசிபியையும் மறைக்கிறது. இடம் மாற்றும்போது, மயக்க ஊசியைக் கூடியவரை தவிர்த்து, பெட்டியைப் பல நாள் முன்னதாகவே கூண்டுக்குள் வைத்து, தீனியை அதற்குள்ளேயே போட்டுப் பழக்குகிறார்கள்.

திருச்சூரில் 1885-ல் தொடங்கிய, ஊருக்கு நடுவே நெருக்கடியில் கிடந்த பழைய மிருகக்காட்சி சாலையைப் புத்தூருக்கு மாற்றியதைப் பார்த்தால் இதன் வேகம் புரியும். 330 ஏக்கருக்கு மேல் இடம். வடிவமைத்தவர் ஜான் கோ என்ற வல்லுநர். 2023 அக்டோபரில் இடமாற்றம் தொடங்கியபோது முதலில் போனது மயில். திறப்பு விழா 2025 அக்டோபர் 28. இடையில் இரண்டு வருஷம். அப்பத்தா ஏளனம் செய்த அதே மயிலைத்தான் அங்கே முதல் குடியாக அனுப்பினார்கள்.

வண்டலூரிலேயே 2023-ல் சிங்க உலா மறுபடி தொடங்கியது. 2025 அக்டோபர் தொடக்கத்தில், உலாப் பகுதியில் திறந்துவிட்ட ஷேர்யார் என்ற இளம் சிங்கம் மாலையில் இரவுக் கூண்டுக்குத் திரும்பவில்லை. ட்ரோன் பறந்தது, கேமரா வைத்தார்கள், தொலைக்காட்சிகள் பரபரத்தன. சில நாளில் அதுவாகவே கூண்டுக்கு வந்து சேர்ந்தது. வேலிக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது, புது இடத்தில் வீட்டுக்கு வழி பிடிபட அதற்குக் கொஞ்சம் நாள் எடுத்திருக்கிறது.

எல்லா மாற்றமும் திட்டம் போட்டு வருவதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பூங்கா பல வாரம் மூடிக்கிடந்தது. நிழலை நம்பி அமைத்த கூண்டுகள் ஒரே நாளில் வெட்டவெளியாயின. 2021 ஜூனில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் நீலாவும் பத்மநாதனும் இறந்தன. ஏப்ரலில் மூடிய வாசல் ஆகஸ்ட் 25-ல்தான் திறந்தது. கோவை வ.உ.சி. பூங்காவின் மிருகக்காட்சி சாலைக்கு இட நெருக்கடியால் 2022-ல் அங்கீகாரமே போய்விட்டது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அளவுகோலுக்கு நகர நடுவிலுள்ள நாலைந்து ஏக்கர் போதவில்லை. கிண்டி சிறுவர் பூங்கா பிழைத்துக்கொண்டது: ஏறத்தாழ 30 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பித்து 2024 ஆகஸ்டில் திறந்தார்கள்.

ஆக, கட்டுமானம் நடக்கிற பூங்காவுக்குப் போகிறவர் கொஞ்சம் முன்யோசனையோடு போகலாம். காலை முதல் ஆளாக நுழைவது நல்லது. வெயில் ஏறுவதற்குள் விலங்குகள் நடமாடும், ஜேசிபியும் சூடு பிடித்திருக்காது. மூடிய பகுதியைப் பற்றி நுழைவாயிலில் கேட்டுவிட்டு, பேட்டரி வண்டி எந்தப் பாதையில் போகிறது என்று தெரிந்துகொண்டு ஏறலாம். வண்டலூர் பூங்காவுக்குள் இருக்கிற ஓட்டேரி ஏரியில் தண்ணீர் நிற்கிற பருவம் என்றால் ஏமாற்றத்துக்கு அது ஈடுகட்டும். கூண்டே இல்லாத பறவைகள் அங்கே தாமாக வந்து இறங்குகின்றன. மழை பொய்த்த வருஷங்களில் அந்த ஏரி வறண்டதும் உண்டு. வெடித்துக் கிடக்கிற கண்மாயைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

வாரத்தில் ஒருநாள் வாசலை மூட வேண்டும் என்பது நாட்டிலுள்ள எல்லா உயிரியல் பூங்காக்களுக்கும் விதி. ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நாள் விலங்குகளுக்கு ஓய்வு, பழுதுபார்ப்பவர்களுக்கும் தோது. வண்டலூருக்கு அது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை ராத்திரி காரியாபட்டியில் கட்டுச்சோற்றோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் யாராவது இதைச் சொல்லிவிட்டால் தேவலை.